பச்சையாக எரிந்த கற்பூரம்

1

போன வாரம் என் அறைக்கு ஏர்கான் வந்தது. நான் கேட்கவில்லை. ராசா என்ற இந்த ஊரில் எங்கள் வீடு பஸ் ரோட்டைப் பார்த்த வீடு. ஜன்னலைத் திறந்தால் புழுதியும் ஹாரன் சத்தமும்தான் உள்ளே வரும். எனவே ஜன்னலைச் சாத்திவிட்டு அம்மா குளுகுளுவென்று படுத்திருக்கட்டும் என்று என் மகன் பாலன் முடிவு செய்துவிட்டான். அவன் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன பழைய மிஷின் அது. குமிழை ஒரு பக்கம் திருப்பினால் அறை குளிரும், மறுபக்கம் திருப்பினால் சூடாகும். இந்த ஊரில் சூட்டை யாரப்பா விலை கொடுத்து வாங்குவார்கள் என்று கேட்டேன். "அது எக்ஸ்ட்ராம்மா, ஃப்ரீதான் லா" என்றான்.

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்த மலாய் நாட்டுக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னமும் என் அடையாள அட்டை சிவப்புதான். குடியுரிமை உள்ளவர்களுக்கு நீலம், என்னைப்போல் வந்து ஒட்டிக்கொண்டவர்களுக்குச் சிவப்பு. போன மாதம் அதைப் புதுப்பிக்கப் போனபோது கவுண்ட்டரில் இருந்த பெண் பிறந்த ஊரைக் கேட்டாள். சொன்னேன். எழுத வராமல் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, கடைசியில் இந்தியா என்று மட்டும் போட்டுக்கொண்டாள். ஒரு தேசம் பூராவும் எனக்குச் சொந்த ஊராகிவிட்டது. பாலனிடம் சொல்லிச் சிரித்தேன். "சின்ன விஷயத்துக்கெல்லாம் டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று டிவியைப் பார்த்தபடியே சொன்னான். நான் சிரிப்பதற்கும் கோபப்படுவதற்கும் அவனுக்கு இப்போது வித்தியாசம் தெரிவதில்லை.

ஏர்கானைப் பொருத்தப் பக்கத்து ஊரான லோபாக்கிலிருந்து முனியாண்டி என்ற மெக்கானிக் வந்தார். மிஷினைச் சுவரில் ஏற்றிவிட்டு, ஒரு சின்ன விளக்கைக் கொளுத்தினார். அதில் தொங்கிய ரப்பர் குழாயின் நுனியை மிஷினின் மூட்டுகளில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். நீலமாக எரிந்துகொண்டிருந்த தீ ஓரிடத்தில் பளீரென்று பச்சையானது.

நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் தம்பி பச்சையா எரியுது?"

"லீக் ஆன்டி. வெளக்குக்குள்ள செம்புத் தகடு இருக்கு. காஸ் கசிஞ்சு வந்து சூடான செம்புல பட்டா தீ பச்சையாயிடும். பயப்படாதீங்க, இந்தக் காஸு ஒண்ணும் பண்ணாது. அந்தக் காலத்து மிஷின்ல ஊத்துன காஸுதான் விஷம். எங்க மாஸ்டர் சொல்வாரு. லேசா இனிச்ச வாடை வருமாம். ரூமுக்குள்ள கிடக்கிறவன் குடிகாரன் மாதிரி தள்ளாடுவானாம். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியுமாம்."

பாலன் ஆபீஸ் போன் பேசப் போய்விட்டான். முனியாண்டி மூட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். நான் மட்டும் அந்த அறையில் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் ஒரு பங்களா அறையில் இதே பச்சையை நான் பார்த்திருக்கிறேன். அதற்குக் குலவை போட்டவர்களில் நானும் ஒருத்தி.

2

அப்போது நாங்கள் சுவா என்ற ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே இஞ்சின் ஓட்டினார். அவர் பெயரை நான் இன்றுவரை வாயால் சொன்னதில்லை. எழுதினால் பாவமில்லை என்று நினைக்கிறேன். இஞ்சின் செல்லையா என்றால் சுற்றுவட்டத் தோட்டங்களுக்கெல்லாம் தெரியும்.

யுத்தத்துக்கு முன்பு அங்கே இருந்த வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு மனைவி இருந்தாள். நெஞ்சு நோய்க்காரி. நடுப்பகல் புழுக்கமும் அவளுக்கு ஆகாது, மழைக்கால ஈரக்குளிரும் ஆகாது. துரை கப்பலில் ஒரு மிஷினை வரவழைத்து அவள் அறையில் வைத்தார். அறைக்குள் இருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளும், அறை குளிர்ந்துவிடும். வால்வுகளை மாற்றித் திருப்பினால் வெளியே இருக்கும் சூட்டை இழுத்து உள்ளே விடும். மற்றத் தோட்டத்து ஜனங்கள்கூட பஸ்ஸில் வந்து வேடிக்கை பார்த்துப் போனார்கள். அந்தத் துரைசானி என்னமோ பிழைக்கவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த அறையில் செத்துப்போனாள். துரை மிஷினை நிறுத்தச் சொல்லி அறையைப் பூட்டினார். அதன் பிறகு யுத்தம் வந்தது. துரையும் ஓடிவிட்டார்.

வந்த ஜப்பான்காரன் பட்டாளத்துக்காரன் இல்லை. தோட்டங்களைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்ட அதிகாரி. மெலிந்த ஆள், கண்ணாடி போட்டிருப்பான், சத்தம் போட்டுப் பேசமாட்டான். அதனாலேயே அவனைக் கண்டால் பயம் அதிகம். பங்களாவைக் கூட்டித் துடைக்க என்னை வைத்துக்கொண்டான். வந்த கொஞ்ச நாளிலேயே மலேரியா பிடித்துக்கொண்டது. மத்தியானம் ஆனால் கட்டில் ஆடும் அளவுக்கு நடுங்குவான். கொஞ்ச நேரம் கழித்து உடம்பு நெருப்பாகக் கொதிக்கும். பூட்டிய அறையில் என்ன இருக்கிறது என்று யாரோ அவனுக்குச் சொல்லிவிட்டார்கள்.

அந்த நாளில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லாரி வரும், நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆண்களை ஏற்றிக்கொண்டு போகும். போனவர்களில் திரும்பியவர்களை நான் பார்க்கவில்லை. தோட்டத்து இஞ்சினுக்கு அப்போது வேலையே இல்லை, ரப்பரை வாங்க ஆளில்லை. அடுத்த லாரியில் என் வீட்டுக்காரர்தான் என்று வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் என் காதுபடப் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஜப்பான்காரன் அவரைக் கூப்பிட்டான். அவனுக்குக் கொஞ்சம் மலாய் தெரியும், எங்களுக்கும் கொஞ்சம். இரண்டு பக்கமும் அரைகுறை என்பதால் வம்பில்லாமல் புரிந்தது. அவன் சொன்னது இதுதான்: எனக்குக் குளிரும்போது அறை சூடாக வேண்டும், கொதிக்கும்போது அறை குளிர வேண்டும். மிஷின் ஓடினால் நீ இங்கே. ஓடாவிட்டால் சயாம்.

"ஓடும்னு சொல்லிட்டேன்" என்றார் வீட்டுக்கு வந்து.

"ஓடுமா?"

"இஞ்சின் என் கையில. குளிர வைக்கிற காஸு சமாச்சாரம் மட்டும் தெரியாது. அதெல்லாம் சிங்கப்பூர்லருந்து ஒருத்தன் வந்து பாத்துட்டுப் போவான். பாப்போம், என்ன இப்ப?"

என்ன இப்ப என்று அவர் சொன்னால் பயந்திருக்கிறார் என்று அர்த்தம்.

3

அறையைத் திறந்தபோது உள்ளே தூசு அதிகமில்லை. கட்டில் விரித்தபடியே இருந்தது. தலையணையில் குழிவு இருந்தது என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் இருந்தது.

சுவருக்கு வெளியே கொட்டகையில் இஞ்சின். டீசல் கிடையாது, ரப்பரைக் காய்ச்சி வடித்த எண்ணெய்தான். அவர் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். பெல்ட் வழுக்காமலிருக்கக் குங்கிலியம் தேய்த்தார். மிஷினுக்கு வெளியே இருந்த குழாய்ச் சுருளுக்குத் தண்ணீர் விட்டார். ஒரு இரும்புக் கம்பியின் ஒரு நுனியை மிஷினிலும் மறு நுனியைக் காதிலும் வைத்துக்கொண்டு, சக்கரத்தை மெல்ல உருட்டச் சொல்லிக் கேட்டார். துரை காலத்துக் காஸ் உருளைகள் கொட்டகையில் மிச்சம் இருந்தன. ஒன்றை மாட்டி வால்வைக் கொஞ்சமாகத் திறந்தார். குழாய்க்குள் பெருமூச்சுபோல் ஒரு சத்தம் போனது. கொட்டகை வாசலில் நின்ற பெண்கள் பின்வாங்கினார்கள்.

எங்கள் தோட்டங்களில் நின்றுபோன இஞ்சினைப் பூசை போடாமல் உயிர் கொடுக்கமாட்டார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், இஞ்சினுக்குத் திருநீறு, கற்பூரம். கோயிலில் இருந்த பித்தளைத் தட்டு, மணி எல்லாவற்றையும் ஜப்பான்காரர்கள் உருக்குவதற்கு அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். பூசாரி மண்ணுக்குள் ஒளித்துவைத்திருந்த பழைய செம்புத் தட்டு ஒன்றுதான் பாக்கி. அதில் கற்பூரத்தை நேராகவே ஏற்றிக்கொண்டு வந்தார். மாரியம்மன் கோயில் பூசாரி அவர். இஞ்சினுக்குக் காட்டினார். பிறகு அறைக்குள் வந்து, சுவரில் இருந்த மிஷினுக்கும் அதன் குழாய்களுக்கும் சுற்றிக் காட்டினார்.

தட்டு கட்டிலுக்குத் தலைமாட்டில் இருந்த மூட்டருகே போனபோது கற்பூரம் பச்சையாக எரிந்தது.

 பூசாரியின் முகம், சுவர், துரைசானியின் வெள்ளை விரிப்பு எல்லாம் பச்சை.  பிறகு பூசாரிக்கே ஒன்று தோன்றியிருக்க வேண்டும். எங்கள் மாரியம்மனுக்கு எப்போதும் பச்சைப் புடவைதான் சாத்துவது. "ஆத்தா வந்துட்டா! பச்சை கட்டி வந்து நிக்கிறா பாருங்க! உத்தரவு குடுத்துட்டா, ஓட்டுப்பா!" என்று கத்தினார். நாங்கள் குலவை போட்டோம். நான் கண்ணீர் விட்டுக்கொண்டே போட்டேன், என் புருஷன் பிழைத்தான் என்று. அவர் சக்கரத்தைச் சுழற்றினார். இஞ்சின் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் சுவரிலிருந்து சில்லென்று காற்று வந்து என் கழுத்தைத் தொட்டது.

முனியாண்டி ஒரு நொடியில் சொன்னதை அன்றைக்குச் சொல்ல ஆளில்லை. எந்த இடத்தில் விஷம் கசிகிறது என்று தீ காட்டிக்கொடுத்தது. அந்த இடத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு வந்தோம்.

4

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் ஒரே மாதிரி. ஜப்பான்காரன் உள்ளே படுத்திருப்பான். என் வீட்டுக்காரர் சுவருக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். உள்ளிருந்து ஒரு தட்டு தட்டினால் சூடு, இரண்டு தட்டினால் குளிர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உடனே மாற்ற முடியாது. இஞ்சினைத் தணித்து, குழாயில் இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்து, வால்வுகளை ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும்.

முதலில் பல்லிகள் செத்தன. அலமாரிக்குப் பின்னால் கூட்டும்போது விறைத்துக் கிடக்கும். பிறகு அந்த வாசம். அழுகப்போகும் பழத்தின் இனிப்பு, மிக லேசாக. நான் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது முழங்கால் பஞ்சாகிவிடும். வெளியே வந்து படியில் உட்கார்ந்தால் தெளியும். சோறில்லாமல் மரவள்ளிக்கிழங்கு தின்ற உடம்பு, தலை சுற்றுவது எங்களுக்குப் புதிதில்லை. அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஜப்பான்காரன் பேச ஆரம்பித்தான். தன் பாஷையில், தணிந்த குரலில். ஒரு வாக்கியம் சொல்வான், நிறுத்துவான். யாரோ பதில் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருப்பான். பிறகு சிரிப்பான். ஒரு நாள் தேநீர் கொண்டுபோனபோது இன்னொரு கோப்பை கொண்டுவா என்றான். கொண்டுபோய் வைத்தேன். மாலையில் எடுக்கப் போனால் ஒன்று காலி, இன்னொன்றில் தேநீர் அப்படியே இருந்தது. ஆனால் கோப்பை கட்டிலின் மறு ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. என் பெண்டாட்டி வருகிறாள் என்று மலாயில் சொன்னான். இங்கே வந்ததற்கப்புறம் அவளிடமிருந்து கடிதம் வரவில்லை, இப்போது அவளே வந்துவிட்டாள் என்றான். எனக்கும்தான் ஊரிலிருந்து ஒரு வரியும் வரவில்லை. யுத்தம் தொடங்கியதிலிருந்து என் அம்மா இருக்கிறாளா இல்லையா என்றுகூடத் தெரியாது. அதை அவனிடம் சொல்லவில்லை. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

லயத்தில் எல்லோரும் துரைசானி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். பங்களாப் படியில் பூ வைத்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரரும் ஒரு நாள் குழாய் மூட்டைப் பார்க்க அறைக்குள் போய்விட்டு வந்து, நாக்கு குழறிக் குழறிச் சொன்னார்: "குழாய் மேல கை வெச்சுக்கிட்டு நிக்கிறா. வெள்ளைக் கவுனு. என்னையே பாக்கிறா." உருளைகள் சீக்கிரம் சீக்கிரமாகக் காலியாவதையும் அவள் கணக்கில் எழுதினார்கள். துரைசானி குடிக்கிறாள் என்றார்கள். நான் மட்டும் ஒன்றையும் பார்க்கவில்லை. தினமும் அந்த அறையைக் கூட்டியவள் நான், எனக்கு ஒரு நிழல்கூடத் தெரியவில்லை.

லாரி வந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் போனான், எதிர் வீட்டில் அண்ணனும் தம்பியும் போனார்கள். அவரை மட்டும் தொடவில்லை. பைப்படியில் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

5

கடைசி உருளையும் தீர்ந்தது. மிஷின் ஓடியது, காற்று வந்தது. அதில் சூடும் இல்லை குளிரும் இல்லை. இனித்த வாசமும் போய்விட்டது. அறைக்குள் மறுபடியும் பல்லி சத்தம் கேட்டது. நான் குனிந்து துடைத்தாலும் தலை சுற்றவில்லை.

ஜப்பான்காரனுக்குச் சூடோ குளிரோ முக்கியமாக இல்லை. அவள் வரவில்லை என்றான். சுவரைத் தட்டினான். ஒரு தட்டு, இரண்டு தட்டு, பிறகு கணக்கில்லாமல். அவர் காஸ் இல்லை என்று வெறும் உருளையைத் தூக்கிக் காட்டினார். நீதான் அவளை வரவிடாமல் செய்கிறாய் என்றான். அதற்கு மேல் அவனிடம் பேச முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் லாரி பங்களா வாசலிலேயே வந்து நின்றது. இஞ்சின் கொட்டகையில் இருந்தவரைக் கையைப் பிடித்து ஏற்றினார்கள். அவர் என்னைப் பார்த்து, "என்ன இப்ப, வந்துருவேன்" என்றார். சட்டைகூடப் போட விடவில்லை.

லாரி இன்னும் கிளம்பவில்லை, ஆனால் நான் அதை நோக்கி ஓடவில்லை. ஓடி என்ன ஆகும்? துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நேராக அறைக்குள் போனேன். ஜப்பான்காரன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நான் கதவருகே நின்று, கட்டிலின் மறு ஓரத்தைப் பார்த்து, குனிந்து கும்பிட்டேன். ஜப்பான்காரர்களுக்கு எப்படிக் கும்பிட வேண்டுமோ அப்படி, இடுப்பிலிருந்து.

அவன் திரும்பினான். யாருக்கு என்று கேட்டான்.

உங்கள் வீட்டம்மாவுக்கு என்றேன். வந்திருக்கிறார்களே, தெரியவில்லையா என்றேன். 

"மானா?" என்றான். எங்கே என்று அர்த்தம்.

இதோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கட்டில் ஓரத்தைக் காட்டினேன். என்ன செய்கிறாள் என்றான். அவன் பெண்டாட்டி எப்படி இருப்பாள் என்று எனக்கு என்ன தெரியும்? ஜப்பான் பொம்பளையை நான் பார்த்ததே இல்லை. தலைக்குள் வந்தது என் அம்மாதான். ஒரு காலை மடித்து, ஒரு காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றேன். குளித்த தலை, ஈரம். முடியை முன்னால் போட்டுச் சிக்கெடுக்கிறார்கள். கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு இருக்கிறார்கள், அதனால்தான் பேசவில்லை. எனக்குத் தெரிந்த மலாய் போதவில்லை, பாதி தமிழிலேயே சொன்னேன். அவனுக்குப் புரிந்ததா என்று தெரியாது. கோபமா என்று கேட்டான். கோபமில்லை, இஞ்சின்காரரை லாரியில் ஏற்றியது மட்டும் பிடிக்கவில்லையாம் என்றேன்.

அவன் என்னை வெகுநேரம் பார்த்தான். பொய் என்று தெரிந்துவிட்டது, இப்போது என்னையும் ஏற்றப்போகிறான் என்று நினைத்தேன். அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். போர்வைக்குள் இருந்த காலை இழுத்துக்கொண்டு, நான் காட்டிய பக்கம் இடம் விட்டான்.

வெறும் விரிப்பு அழுந்தியது. ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு அழுந்துமோ அவ்வளவு. கட்டில் கம்பி கிறீச்சென்றது. நல்ல வெயில், ஜன்னல் திறந்திருந்தது, என் தலை கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது.

ஜப்பான்காரன் அந்த இடத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்குப் போய், லாரிக்காரர்களிடம் தன் பாஷையில் ஏதோ சொன்னான். பின்பலகை திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ மண்ணில் குதித்தார்கள். லாரி கிளம்பிப் போனது. அவர் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். அவரைத் திரும்பப் பெறத்தான் அவ்வளவு பொய்யும் சொன்னேன். ஆனால் எனக்கு உடனே வெளியே போக மனம் வரவில்லை. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கட்டில் ஓரத்திலிருந்து ஈரத்தலை சீயக்காய் மணத்தது.